சொந்த ஊர் எந்த ஜில்லா?

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணிக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும்: அன்று மலையைப் பார்க்க முடியாது, மனிதத் தலைகளைத்தான் பார்க்க முடியும். அரக்கோணம் பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு ரயிலும் மஞ்சள் வேட்டிகளையும் மஞ்சள் சேலைகளையும் கொட்டிவிட்டுப் போகிறது. சரவணப் பொய்கைக் கரையில் கால் வைக்க இடமில்லை. தோளில் பூக்காவடி, வாயில் "அரோகரா", காலடியில் ஆடி மாதத்துச் சேறு. தமிழும் தெலுங்கும் கலந்து காதில் விழுகின்றன. எது எந்த ஊர்க் கூட்டம் என்று பிரித்துச் சொல்ல யாராலும் ஆகாது.

முருகன் தலங்களில் எல்லாம் சூரசம்ஹாரம் நடக்கும். திருத்தணியில் மட்டும் கிடையாது. போரெல்லாம் முடிந்து சினம் தணிந்து வந்து உட்கார்ந்த இடமாம் இது. ஆகையால் கந்த சஷ்டிக்கு இங்கே புஷ்பாஞ்சலியோடு சரி. சண்டை முடிந்த பிறகு வந்து தங்க ஓர் இடம் வேண்டும் என்பது ஆண்டவனுக்கே தோன்றியிருக்கிறது!

பொய்கைக் கரையில் நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். மகன், மருமகள், இரண்டு பேத்திகள், காவடிக்கு வேண்டிய சாமான்கள் எல்லாவற்றோடும் வந்திருந்தார். வழக்கமாக எல்லாரும் கேட்பதையே நானும் கேட்டேன்.

"ஐயாவுக்கு எந்த ஊர்?"

"எந்த ஊரைக் கேக்கிறீங்க தம்பி? பொறந்த ஊரா, இருக்கிற ஊரா, சொந்த ஊரா?"

விளையாட்டாகச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். விளையாட்டில்லை. அவர் பிறந்தது பர்மாவில். இருப்பது சென்னை வியாசர்பாடியில். சொந்த ஊர் என்பது இதே திருத்தணி தாலுகாவில் ஒரு கிராமம். அதன் பெயரைப் பத்திரிகையில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மேஸ்திரியின் முன்பணம்

பெரியவருடைய பாட்டனார் ஊரை விட்டுக் கிளம்பியது முதல் மகா யுத்தத்துக்குச் சற்று முன்னால். அப்போது இது சென்னை ராஜதானி. அதற்குக் கொஞ்ச காலம் முன்பு வரை திருத்தணி வட ஆர்க்காடு ஜில்லாவில், கார்வேட்நகர் ஜமீன் சீமையில் இருந்தது. 1911-ஆம் ஆண்டு சித்தூர் ஜில்லா என்று புதிதாக ஒன்றைப் பிரித்தபோது இந்த மலையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் அதில் போய்ச் சேர்ந்தன. இந்த ஜில்லாக் கணக்கை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையே அதில்தான் இருக்கிறது.

வட ஆர்க்காடும் சித்தூரும் வானம் பார்த்த பூமி. ஏரி நிரம்பினால் சோறு, இல்லாவிட்டால் பஞ்சம். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் இந்தப் பக்கத்தைக் கசக்கிப் பிழிந்த கதையைப் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டவர்கள் உண்டு. ரயிலோ 1856-லேயே ராயபுரத்திலிருந்து அரக்கோணம் வழியாக வாலாஜா ரோடு வரை வந்துவிட்டது. பசித்தவனுக்கும் துறைமுகத்துக்கும் நடுவே இருந்த தூரம் ஒரே நாள் பிரயாணமாகச் சுருங்கிப் போயிற்று. ஆள்காட்டிகள் கிராமம் கிராமமாகப் புகுந்தார்கள். மோரீசுக்கு, நேட்டாலுக்கு, பிறகு பிஜிக்கு என்று கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்தார்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு மட்டும் 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஒன்றரை லட்சம் பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். அந்தத் தமிழர்களில் வட ஆர்க்காட்டார் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

பர்மாவுக்கு ஒப்பந்தக் கையெழுத்து வேண்டியதில்லை. அது அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமே அல்லவா? 1824-ல் தொடங்கி மூன்று யுத்தம் போட்டு, 1885-ல் மீதியிருந்ததையும் விழுங்கி, இந்தியாவோடு ஒட்டவைத்திருந்தார்கள். 1937-ல்தான் தனியாகப் பிரித்தார்கள். ஆகவே ரங்கூனுக்குப் போவது ஜில்லா விட்டு ஜில்லா போவது மாதிரி. மேஸ்திரி முன்பணம் கொடுப்பார். கப்பல் டிக்கெட்டும் அவரே எடுப்பார். அங்கே போய் உழைத்துக் கழிக்க வேண்டும். கடன் கழிவதற்கும் உடம்பு கழிவதற்கும் சரியாக இருக்கும். பெரியவருடைய பாட்டனார் மேல்தளத்து டிக்கெட்டில், ஒரு போர்வையும் ஒரு பித்தளைச் செம்புமாகப் போனார். அந்தச் செம்பு இன்னும் வியாசர்பாடி வீட்டில் இருக்கிறதாம்.

பர்மியன் கண்ணுக்கு

இந்த இடத்தில் சற்று நின்று சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நம்மவர் துன்பத்தை எழுதும்போது அடுத்தவர் துன்பத்தை மறந்துவிடுகிற பழக்கம் நமக்கு இருக்கிறது.

1869-ல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு ஐராவதி டெல்டாவின் அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏற்பட்டது. காடு வெட்டி, சதுப்பை வயலாக்கினார்கள். அதற்குப் பணம் வேண்டும். வெள்ளைக்காரன் பாங்கி பர்மிய விவசாயியை நம்பிக் கடன் தராது. செட்டிநாட்டிலிருந்து போன நகரத்தார்கள் தந்தார்கள். ஊர் ஊராகக் கடை வைத்தார்கள். பக்கத்திலேயே தண்டாயுதபாணிக்குக் கோவிலும் கட்டினார்கள். எல்லாம் முறையாகத்தான் நடந்தது. ஆனால் 1930-க்குப் பிறகு உலகமெங்கும் வியாபாரம் சரிந்து, அரிசி விலை படுத்துவிட்டபோது, கடன்பட்ட நிலமெல்லாம் வரிசையாகக் கைமாறிற்று. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 அரிசி ஜில்லாக்களில் 1930-ல் செட்டிமார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு ஆறு பங்கு. 1938-ல் நூற்றுக்கு இருபத்தைந்து! அவர்கள் விரும்பி வாங்கிய நிலம் அல்ல. பணம் திரும்பாததால் வந்து சேர்ந்த நிலம். ஆனாலும் பாட்டன் உழுத வயலில் குத்தகைக்காரனாக நிற்கிற பர்மியனுக்கு இந்த வித்தியாசம் ஆறுதலாக இருந்திருக்குமா?

ரங்கூன் பட்டணத்தை எடுத்துக்கொண்டால் 1931 ஜனக்கணக்கில் பாதிக்கு மேல் இந்தியர்கள். தேசம் முழுவதும் பத்து லட்சத்துக்கு மேல். துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகள், ஆபீசுகளில் வங்காளிக் குமாஸ்தாக்கள், போலீசில் பஞ்சாபிகள், கடைகளில் தமிழ் முஸ்லிம்கள், வயல்களில் தமிழர்கள். தன் தலைநகரத்தில் தானே சிறுபான்மை என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? 1930-ல் துறைமுக வேலையை முன்னிட்டு மூண்ட கலவரத்திலும், 1938 கலவரத்திலும் இரத்தம் சிந்தியது. சிந்தியது பெரும்பாலும் ஏழைகளின் இரத்தம்தான்.

ஆட்சி செய்ய வந்தவன் ஒருவன்; வட்டிக்கு விட வந்தவன் ஒருவன்; மண் சுமக்க வந்தவன் ஒருவன். நமக்கு மூன்றும் வேறு. பர்மியன் கண்ணுக்கு மூவரும் ஒரே கொடி பறந்த கப்பலிலிருந்து இறங்கியவர்கள். கொடி இறங்கியபோது மூவரும் சேர்ந்தே போக வேண்டியதாயிற்று. ஆனால் போன விதம் ஒன்றல்ல.

இரண்டு முறை கிளம்பியவர்கள்

முதல் முறை 1942. முந்தைய டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. மார்ச்சில் நகரம் விழுந்தது. அதற்குள்ளும் அதற்குப் பிறகும் நாலு லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் அரக்கான் மலை வழியாகவும், தாமு வழியே மணிப்பூருக்கும், வடக்கே ஹூக்காங் பள்ளத்தாக்கு வழியே அசாமுக்கும் நடந்தார்கள். காலராவிலும் மலைக் காய்ச்சலிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே விழுந்தார்கள். வெள்ளையருக்கு ஒரு பாதை, கறுப்பருக்கு ஒரு பாதை என்று சர்க்கார் பிரித்து நடத்தியதைக் காங்கிரஸ் தலைவர்கள் அப்போதே வன்மையாகக் கண்டித்தார்கள். வீடு திரும்புகிறபோதும் வரிசை இருந்தது!

பெரியவருடைய பாட்டனார் நடக்கவில்லை. "எனக்குத் தெம்பு இல்லை, செத்தால் இங்கேயே" என்று டெல்டாவிலேயே தங்கிவிட்டார். அவ்விதமே இறந்தும் போனார். யுத்தம் முடிந்த பிறகு, படுக்கையில்.

1948 ஜனவரி 4-ஆம் தேதி பர்மா சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு குடியுரிமைச் சட்டம் வந்தது. நிலச் சட்டம் வந்தது. நிலம் வைத்திருந்தவர்கள் நிலத்தை இழந்தார்கள். நிலம் இல்லாதவர்கள், இழக்க ஒன்றுமில்லை என்று இருந்துவிட்டார்கள். பெரியவருடைய தகப்பனார் அந்த ரகம். டெல்டாவில் ஒரு சின்ன ஊரில் மளிகைக் கடை. அரிசி, பருப்பு, நாப்பி என்கிற அந்த ஊர்க் கருவாட்டு விழுது, கொஞ்சம் துணி. பர்மிய மொழியில் கணக்கு, தமிழில் சண்டை. குடியுரிமைக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம். "நாம் யார் என்பதுதான் ஊருக்கே தெரியுமே, காகிதம் எதுக்கு?" என்று இருந்துவிட்டாராம்.

காகிதம் எதற்கு என்பது 1962-க்குப் பிறகு தெரிந்தது. அந்த மார்ச் 2-ஆம் தேதி ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963-ல் பாங்கிகள் சர்க்கார் வசமாயின. 1964 மார்ச்சில் கடைகள். "காலையிலே கதவைத் திறக்கப் போனா, வாசல்ல சிப்பாய். நயினா சாவியைக் குடுத்துட்டுத் திண்ணையிலே உக்காந்துட்டாரு. அன்னிக்குக் கல்லாவிலே இருந்ததும் போச்சு" என்றார் பெரியவர். அப்போது அவருக்குப் பத்து வயது. மே மாதம் ஐம்பது கியாட், நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று உத்தரவு. கல்லாவுக்கு வெளியே ஒளித்து வைத்திருந்ததும் போயிற்று.

அதற்குப் பிறகு கப்பலுக்குக் காத்திருப்பு. ரங்கூன் துறைமுகத்தில் சோதனை. தங்கம் கொண்டுபோகக் கூடாது. தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு கப்பல் ஏறிய பெண்களைப் பற்றி, பர்மாவிலிருந்து வந்த எந்தக் குடும்பத்தில் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். பெரியவருடைய தாயாரும் அப்படித்தான் ஏறினார். பித்தளைச் செம்பை மட்டும் யாரும் கேட்கவில்லை.

மேஜைக்கு முன்னால்

மூன்று நான்கு நாள் கடலில் கிடந்து, சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். வரிசை வரிசையாக மேஜைகள். பெயர், வயது, தொழில், சொந்த ஊர் எழுதிக்கொண்டு, போகிற ஊருக்கு ரயில் சீட்டும் வழிச் செலவும் கொடுக்கிற ஏற்பாடு. இவர்கள் முறை வந்தது.

"சொந்த ஊர்?"

தகப்பனார் தம் தகப்பனாரிடம் பாடம் பண்ணி வைத்திருந்ததை ஒப்பித்தார். கிராமத்துப் பெயர், திருத்தணி தாலுகா, சித்தூர் ஜில்லா.

குமாஸ்தா எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தினார். "சித்தூர் ஜில்லாவா? அது ஆந்திரா ஐயா. ஆந்திராக்காரங்க அந்தப் பக்கம்."

அந்தப் பக்கம் போனார்கள். அங்கே தெலுங்கில் கேட்டார்கள். தகப்பனாருக்குத் தமிழும் பர்மிய பாஷையும்தான் தெரியும். "திருத்தணியா? அது இப்போ எங்களுது இல்லையே! மெட்ராஸ் சைடு போங்க" என்றார்களாம். மறுபடி இந்தப் பக்கம். இப்படி இரண்டு மேஜைகளுக்கு நடுவே மத்தியானம் வரை நின்றார்கள். "நயினா அழுது நான் பாத்தது அன்னிக்கு ஒரு தரம்தான். கடையைப் பிடுங்கினப்போகூட அழலை" என்றார் பெரியவர்.

நடந்தது என்னவென்றால், இவர்கள் பர்மாவில் இருந்த காலத்தில் திருத்தணி உட்கார்ந்த இடத்திலேயே நாடு மாறிக்கொண்டிருந்தது. 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது சித்தூர் ஜில்லாவோடு திருத்தணியும் ஆந்திராவுக்குப் போயிற்று. ம.பொ.சிவஞானம் அவர்களும், இந்தப் பக்கத்து மங்கலங்கிழார், விநாயகம் போன்றவர்களும் நடத்திய வட எல்லைப் போராட்டம் தமிழர் அறிந்ததே. படாஸ்கர் சமரசத்தின்மேல் 1959-ல் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தின் செங்கற்பட்டு ஜில்லாவில் சேர்ந்தது. மாற்றாகப் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களின் சில கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின. திருப்பதி அங்கேயே நின்றுவிட்டது. எல்லாம் நடந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. கப்பலில் வந்தவனுக்கு இது எப்படித் தெரியும்?

அவருடைய பாட்டனார் கணக்கில் ஊர் சித்தூர் ஜில்லா. அதற்கும் முந்தியவர் கணக்கில் வட ஆர்க்காடு. 1997-க்குப் பிறகு பிறந்த பேத்திக்குத் திருவள்ளூர் மாவட்டம். கிராமம் ஒரு அடிகூட நகரவில்லை. திருத்தணியில் 1888-ல் பிறந்து குடியரசுத் தலைவரான டாக்டர் ராதாகிருஷ்ணனின் பிறந்த ஜில்லா எது என்று புத்தகத்துக்குப் புத்தகம் ஒரு விதமாகப் போட்டிருப்பதற்கும் இதுவே காரணம். அவ்வளவு பெரிய மனிதருக்கு அது பற்றிக் கவலையில்லை. மேஜைக்கு முன்னால் நிற்கிறவனுக்குத்தான் கவலை.

கடைசியில் ஒரு மேலதிகாரி வந்து, "சித்தூர்" என்று எழுதியிருந்ததை அடித்து, மேலே "செங்கற்பட்டு" என்று எழுதிக் கொடுத்தார். குடும்பம் ரயில் ஏறிற்று.

சொந்த ஊரில் பதினேழு நாள்

ஊரில் வரவேற்பு பிரமாதமாக இருந்தது. பாட்டனாரின் தம்பி வழிப் பிள்ளைகள் கட்டிக்கொண்டு அழுதார்கள். இட்லி சுட்டார்கள். மலைக்கு அழைத்துப்போய் மொட்டை போட்டார்கள். ஒரு வாரம் கழிந்தது. பிறகு பேச்சு குறைந்தது. "நிலத்திலே பங்கு கேக்க வந்திருக்கானோன்னு அவங்களுக்குப் பயம். அவங்களைச் சொல்லிக் குத்தம் இல்லை தம்பி. இருந்ததே ரெண்டு ஏக்கர் மேட்டு நிலம். அம்பது வருஷமா அவங்கதானே அதுலே கிடந்தாங்க?" பதினேழாம் நாள் இவர்கள் சென்னைக்குத் திரும்பிவிட்டார்கள். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்றதற்குக் காரணம் இதுதான். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். மனம் கஷ்டப்படக் கூடாதாம்.

1963 முதற்கொண்டு பர்மாவிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் சுமார் 1,44,000 பேர். இவர்களில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சொந்த ஊர் இப்படிச் சில நாள் ஊராகவே இருந்தது. சர்க்கார் கையைக் கட்டிக்கொண்டு இருந்ததென்று சொல்ல முடியாது. வீட்டு மனை, தொழில் கடன் எல்லாம் கொடுத்தார்கள்; 1969-ல் தாயகம் திரும்பியோருக்கென்றே ரெப்கோ என்ற கூட்டுறவு பாங்கி ஏற்பட்டது. அதே ஆண்டு சென்னைக் கடற்கரைச் சாலையில் பர்மா பஜார் திறக்கப்பட்டது. வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் பர்மாக்காரர்களின் குடியிருப்புகள் எழுந்தன. வாழைத்தண்டு சூப்பும் அத்தோவும் மொய்ங்காவும் வடசென்னைக்குச் சொந்தப் பலகாரங்கள் ஆகிவிட்டன. நம் பெரியவரும் வெகுகாலம் அத்தோ வண்டி தள்ளியவர்தான். ஆனால் சிலருக்கு இங்கே ஒட்டவேயில்லை. பர்மாவுக்கே நடந்து போய்விடலாம் என்று மணிப்பூர் வரை போய், எல்லையில் தடுக்கப்பட்டு, அங்கே மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்டவர்கள் உண்டு. அங்காள பரமேசுவரி கோவில் கட்டி, தமிழ்ச் சங்கம் வைத்து, இன்றும் இருக்கிறார்கள். பிறந்த நாட்டையும் சேர்ந்த நாட்டையும் ஒரே தெருவிலிருந்து பார்த்துக்கொண்டு வாழ்கிறார்கள்!

வேறு கப்பல்கள்

சாம்ராஜ்யங்கள் கடையைக் கட்டிய காலத்தில் உலகமெங்கும் கப்பல்கள் எதிர்த்திசையில் ஓடின. அல்ஜீரியா 1962-ல் விடுதலை பெற்றபோது பிரெஞ்சுக் குடியேறிகள் எட்டு லட்சத்துக்கு மேல் பிரான்சுக்கு ஓடினார்கள். அங்கேயும் அழுகைதான், மார்செய்ல் துறைமுகத்தில் அவர்களை ஜனங்கள் முகம் சுளித்தே பார்த்தார்கள். ஆனாலும் அவர்களை ஏற்பதற்கென்று பிரான்ஸ் முந்தின ஆண்டே சட்டம் போட்டு வைத்திருந்தது. அதே பிரான்சுக்காகத் துப்பாக்கி தூக்கிய ஹார்க்கிகள் என்ற அல்ஜீரிய முஸ்லிம் சிப்பாய்களில் பெரும்பாலோரைக் கரையிலேயே விட்டுவிட்டது. எஜமானனுக்கு ஓர் ஊர் காத்திருந்தது; எஜமானனுடைய ஆளுக்கு இல்லை. 1975-ல் அங்கோலா, மொசாம்பிக்கிலிருந்து போர்த்துகலுக்கு ஐந்து லட்சம் பேர். 1972-ல் உகாண்டாவில் இடி அமீன் கொடுத்த தொண்ணூறு நாள் கெடுவில் மூட்டை கட்டிய குஜராத்திகள்.

இவ்வளவு தூரம் போவானேன்? திருத்தணிக்கு அடுத்த ஜங்ஷன் அரக்கோணம். அங்கே ரயில்வேயில் இருந்த ஆங்கிலோ இந்தியர்கள், பார்த்தே இராத இங்கிலாந்தை "ஹோம்" என்று சொல்லி வந்தவர்கள். வேலைகளில் அவர்களுக்கு இருந்த தனிச் சலுகை சுதந்திரத்துக்குப் பிறகு படிப்படியாகக் குறைந்து முடிந்தது. பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கிளம்பிவிட்டார்கள். பெரியவருக்குத் திருத்தணி எப்படியோ, அவர்களுக்கு லண்டன் அப்படி. ஒருபோதும் காணாத சொந்த ஊர்.

இலங்கைத் தோட்டத் தமிழர் விஷயம் இன்னும் விசித்திரம். 1948 சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்களை, 1964 அக்டோபர் 30-ஆம் தேதி சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கணக்குப் போட்டுப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று. தேயிலை பறித்துக்கொண்டிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிஜியில் போனவர்கள் தங்கினார்கள். ஆனால் 1987-ல் ராணுவப் புரட்சி நடந்த பிறகு அங்கிருந்தும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று இரண்டாம் கப்பல், இல்லை, விமானம் ஏறினார்கள். 1986 கணக்கில் ஜனத்தொகையில் ஏறக்குறைய பாதியாக இருந்தவர்கள் இப்போது மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கிறார்கள். நாந்தி நகரில் சிவசுப்பிரமணியர் கோவில் இருக்கிறது. அங்கேயும் காவடி உண்டு. ஒப்பந்தக் கூலிகளின் பேரர்கள் சிலர் இன்று கையில் ஒரு பழைய சீட்டின் நகலோடு இந்தப் பக்கம் வருகிறார்கள். அதில் தகப்பன் பெயர், சாதி, வயது, உயரம், அங்க அடையாளம், கிராமம், தாலுகா, ஜில்லா எல்லாம் இருக்கும். வெள்ளைக்காரக் குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி எழுதிய கிராமப் பெயர். இப்போது இல்லாத ஜில்லா. வட ஆர்க்காட்டைத் தேடி வேலூரில் இறங்கி அலைகிறார்கள். ஊர் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கலாம். அல்லது ஆந்திராவில் இருக்கலாம்.

படி ஏறினோம்

இந்த மலைக்கு 365 படி. வருஷத்து நாளுக்கு ஒரு படி என்று கணக்கு. டிசம்பர் 31-ஆம் தேதி இரவு நடக்கிற படித்திருவிழா பிரசித்தம். வெள்ளைக்காரன் காலத்தில் ஜனவரி முதல் தேதி துரைமார் பங்களா வாசலில் எலுமிச்சம்பழத்தோடு நிற்பது உத்தியோகஸ்தர்களின் வழக்கம். அந்தத் துரையை எதற்குப் பார்க்கிறீர்கள், தணிகைத் துரையைப் பாருங்கள் என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் திருப்புகழ் பாடிக்கொண்டு படி ஏற வைத்தார் என்பார்கள். பங்களாத் துரைகள் 1947-ல் போய்விட்டார்கள். அவர்கள் போவதற்குச் சொந்த ஊர் எந்த ஜில்லா என்று யாரும் கேட்கவில்லை.

பெரியவர் காவடியை மகன் தோளுக்கு மாற்றிவிட்டு என்னோடு படி ஏறினார். நூறாவது படியில் உட்கார்ந்தார். கிராமத்துக்குப் போவதுண்டா என்று கேட்டேன்.

"ரயில்ல போறப்போ தூரத்திலே தெரியும். எறங்கினதில்லை. இங்கே வந்துட்டுப் போனா போதும்."

"பர்மாவுக்கு?"

"ஒரு தரம் போகணும்னு இருந்துச்சு. இவ பாஸ்போர்ட்டு எடுக்கச் சொன்னா" என்று மூத்த பேத்தியைக் காட்டினார். அங்கே இருந்துவிட்டவர்களும் கொஞ்சம் பேர் அல்ல. 1982-ல் பர்மிய அரசு போட்ட சட்டம், 1823-க்கு முன்னால் வந்து குடியேறிய இனத்தவருக்கே முழுக் குடியுரிமை என்றது. அதாவது முதல் ஆங்கிலேய யுத்தத்துக்கு முன்னால். பெரியவருடைய அத்தை மக்கள் அந்தச் சட்டத்துக்குள் அரைக் குடிகளாக டெல்டாவிலேயே காலம் தள்ளுகிறார்கள். கடிதம் நின்று பல வருஷம் ஆயிற்றாம்.

"எடுத்தீர்களா, பாஸ்போர்ட்?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. பேத்திதான் சொன்னாள்: "பிறந்த இடம்னு ஒரு கட்டம் இருக்கு சார். பர்மான்னு போட்டா, இந்தியாக்காரர்னு காட்ட அத்தாட்சி கேக்கிறாங்க. தாத்தாகிட்ட இருக்கிறது ஒரே ஒரு காகிதம்."

இடுப்பிலிருந்த பிளாஸ்டிக் உறையைப் பெரியவர் எடுத்துப் பிரித்தார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்னால் துணி ஒட்டிய அட்டை. தகப்பனார் பெயர், குடும்பத்தார் எண்ணிக்கை, இறங்கிய துறைமுகம். ஜில்லா என்ற இடத்தில் "சித்தூர்" என்று நீல மையில் எழுதி, குறுக்கே கோடு போட்டு அடித்திருக்கிறது. மேலே கறுப்பு மையில் "செங்கற்பட்டு". பக்கத்தில் யாரோ ஒருவருடைய சுருக்கெழுத்து, தேதியோடு. மழைத் தூறல் விழவே, அவசரமாக மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டார்.

மேலே மகன் கூப்பிட்டான். இன்னும் இருநூற்றுச் சொச்சம் படி இருந்தது. பெரியவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடந்தார்.